உப்புப் பொருக்கில் ஒரு தடம்

“நான் எதையும் தொடலை தாயி. எதையும் எடுக்கலை. பார்த்தது மட்டும்தான். ஆனா நான் பார்த்த கூடெல்லாம் மூணாம் நாளே அழிஞ்சு கிடக்கு. அது ஏன்?”

சந்தனமாரி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி கிணற்றுக்குள் பாதி தூரம் ஏறியிருந்தது. அதை மேலே கொண்டுவந்து குடத்தில் ஊற்றினாள். மறுபடியும் கயிற்றை இறக்கினாள்.

தாணுமூர்த்தி காத்து நின்றார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பது இருந்தாலே அதிகம். கேட்க வந்தவர் நரைத்த தலையோடு நின்றார். சொல்ல வேண்டியவள் முகத்தைக் கிணற்றுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். அயலார் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகிவிடும்.

அவளிடம் அவரை அனுப்பியது உப்பள மேஸ்திரி. அந்தப் பிள்ளை எட்டு வருஷமாக இந்த வெட்டவெளியைத் தாண்டி அளத்து ஆட்களுக்குக் குடிதண்ணீர் சுமக்கிறாள் என்று அவர் சொல்லியிருந்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். குனிந்து காலைப் பார்க்க வழியே இல்லை. அந்த வெளி பூராவும் உப்புக்கொத்திக் குருவி முட்டையிடுகிற இடம். ஆனால் இந்த எட்டு வருஷத்தில் ஒரு முட்டை அவள் காலில் மிதிபட்டதில்லை. கேட்கிறதானால் அவளிடம் போய்க் கேளும் என்றார்.

அதனால்தான் வந்திருந்தார்.

உப்புக்கொத்தி கைப்பிடிக்குள் அடங்குகிற குருவி. கூடு என்று பேர்தான். தரையில் நெஞ்சால் அழுத்திய ஒரு சின்னக் குழி. நாலு சிப்பித் துண்டு. மூன்று முட்டை. முட்டையும் மண்ணும் ஒரே நிறம்.

தாணுமூர்த்தி தன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். முப்பது வருஷம் சர்வேயராக நிலம் அளந்தது, விருப்ப ஓய்வு வாங்கிக் கேமராவைத் தூக்கியது, நகரத்து அருங்காட்சியகத்துக்காகப் பதினோரு வருஷமாகப் பறவைக் கூடுகளைப் படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் சொன்னார். அங்கே பறவை ஒவ்வொன்றுக்கும் ஒரு இழுப்பறை இருக்கிறதாம். முந்தின காலத்தில் அதற்குள் முட்டையையே கொண்டுவந்து வைப்பார்களாம். ஊசியால் துளைத்து, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, பஞ்சுக்கு மேல் வரிசையாக அடுக்குவார்களாம். அந்தப் பாவம் இப்போது இல்லை. இப்போது படம் மட்டும்தான். படத்தோடு ஒரு அட்டை. அட்டையில் பறவையின் பேர், தேதி, இடம்.

கடற்கரைப் பறவை வரிசையில் இன்னும் ஒரே ஒரு இழுப்பறை காலி. உப்புக்கொத்தி அடைகாக்கிற படம். அது கிடைத்துவிட்டால் பதினோரு வருஷம் நிறைந்துவிடும்.

இந்த மாதத்தில் இரண்டு கூடு கண்டுபிடித்திருந்தார். தூரத்தில் இருந்துதான் பார்த்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கவில்லை. முதல் முறை படம் மங்கல். இரண்டாம் முறை குருவி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, இரண்டு இடத்திலும் உப்புமேல் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

அவர் சொல்லி முடித்தார்.

சந்தனமாரி இரண்டாவது குடத்தையும் நிரப்பியிருந்தாள்.

“அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் தலைக்குத் தூக்கி விடுதியளா?” என்றாள்.

தூக்கி விட்டார்.

அவள் நடந்தாள்.

*

மறுநாளும் வந்தார். தனக்குச் சொல்லித்தர வேண்டும், எத்தனை நாளானாலும் கூடவே இருப்பேன் என்று கேட்டார்.

அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் நாலாப்போடு நின்றவள், யாருக்கும் எதுவும் சொல்லித்தரத் தெரியாது, எழுத்துக்கூட்டித்தான் பஸ் போர்டே படிப்பேன் என்றாள்.

அவர் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றைப் பார்த்துச் சொன்னாள். “வெயில் ஏறிட்டு. தண்ணிக்கு ஆள் பத்தலை. வாரதுன்னா ஒரு குடத்தை எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க. ஆனா நிக்கக் கூடாது.”

“எங்க நிக்கக் கூடாது?”

“எங்கயும்.”

ஒரு குடத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அளத்து ஓரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. செவலை நாய் ஒன்று எப்போதும் அதைச் சுற்றி வரும். அவளுடைய ஆறு மாதப் பையன் அங்கே தூளியில் தூங்குவான். தூளிக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி. கேமராவை அதில் மாட்டச் சொன்னாள். அதுவும் கொஞ்ச நாள் தூங்கட்டும் என்றாள்.

*

அப்படித்தான் தாணுமூர்த்தி தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார்.

கிணற்றிலிருந்து அளம் வரைக்கும் ஒரு மைல். காலையில் மூன்று நடை. தரையெல்லாம் வெள்ளைப் பொருக்கு. கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் அடியில் இருக்கிற கறுப்புச் சேறு தெரியும். எட்டு வருஷம் நடந்த பாதையில் மட்டும் பொருக்கு இல்லை. அது உள்ளங்கை மாதிரி வழவழவென்று கிடந்தது.

வெயில் ஏற ஏற அந்த வெளி தரையை விட்டுக் கிளம்பிவிடும். தூரத்து உப்புக் குவியல்கள் படகு மாதிரி ஆகாயத்தில் மிதக்கும். பனைமரங்கள் தலைகீழாகத் தொங்கும். பூநாரைக் கூட்டம் ஒன்று நாள்தோறும் அதே இடத்தில் ஒரு ரோஜாக் கோடாக நின்றது. அது பறவையா, மேகமா, தன் கண்ணுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றா என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் போகிறவளின் கால் தரையில் படுகிறதா என்றுகூடச் சந்தேகம் வந்தது. சத்தம் மட்டும் கேட்டது. சரக். சரக். குடத்துக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம்.

அந்தச் சத்தத்தில் பாதி தூக்கமாகவே அவர் நடந்தார்.

நடக்கும்போது அவள் பேசினாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் அவளுக்குப் பேச்சு வரும். பையனுக்குப் பல் முளைக்கப் போகிறது, அதுதான் எதைக் கண்டாலும் கடிக்கிறான். அளத்தில் வேலை செய்கிற பேச்சியக்காவுக்கு மருமகள் வைக்கிற குழம்பு பிடிக்கவில்லை, ஆனால் மூன்று வேளையும் அதைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறாள். இப்படி ஏதாவது. குருவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஐந்து நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் அவரால் முடியவில்லை. “இத்தனை நாள் நடந்தாச்சு தாயி. ஒரு கூடுகூட நீ காட்டலையே” என்றார்.

“நேத்து ஆறு கூட்டைத் தாண்டி வந்தோம்.”

அவருடைய கால் நின்றுவிட்டது.

“நடங்க அண்ணாச்சி” என்றாள், திரும்பாமலே.

நடந்தார். நடந்துகொண்டே கண்ணை நாலாபக்கமும் ஓட்டினார். வெள்ளை. வெள்ளைக்கு அப்பாலும் வெள்ளை. ஆறில் ஒன்றைக்கூடக் காணோம். அவள் எந்த இடத்தில் தலையைத் திருப்பினாள், எங்கே காலை மெதுவாக வைத்தாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை. அவள் எங்கேயும் திரும்பியிருக்கவில்லை.

*

அன்றைக்குக் கொட்டகையில் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பியபோது தூளிக்குள் பையன் தூங்குவது தெரிந்தது. வாய் பாலுக்குச் சப்புகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. தாணுமூர்த்திக்கு மனசு இளகிவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. தொடவும் இல்லை.

பையன் கண்ணைத் திறந்தான். அவரைப் பார்த்தான். வீறிட்டான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பலகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். “சர்வேயர் ஐயா தூளியை அளக்காவ போல” என்றாள் பேச்சியக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தனமாரி தண்ணீரை ஊற்றிக்கொடுத்தபடி அந்தப் பக்கமாக வந்தாள். தூளியைத் தாண்டும்போது ஒரு கையால் லேசாகத் தட்டிவிட்டு, நிற்காமல், அடுத்த ஆளுக்குச் சொம்பை நீட்டப் போய்விட்டாள். திரும்பி வரும்போது இன்னொரு தட்டு. மூன்றாவது தடவை அவள் தாண்டிப் போனபோது பையன் தூங்கியிருந்தான்.

“நான் சத்தமே போடலையே” என்றார் அவர்.

“நின்னிய இல்லா. நின்னா முழிச்சுக்கிடுவான்.”

*

ஏழாம் நாள் அவர் ஒன்றைக் கண்டார்.

தேடிக் காணவில்லை. அவள் பையனின் பல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனாள், அவர் ஊம் கொட்டிக்கொண்டே பின்னால் போனார். கண்ணின் ஓரத்தில் மண் துண்டு ஒன்று எழுந்து நாலடி ஓடியது. ஓடி, ஒரு சிறகை முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு தரையில் புரண்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. ஆனாலும் தெரிந்தது. அது எழுந்த இடம் தெரிந்தது. குழி தெரிந்தது. மூன்று என்பதும் தெரிந்தது.

அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தார்.

சொல்லவில்லை.

முப்பது வருஷத் தொழில் அவருக்குள் விழித்துக்கொண்டது. கிணற்றுக் கப்பியும் சாய்ந்த ஒற்றைப் பனையும் ஒரு கோடு. கொட்டகை முகடும் தூரத்து விளக்குக் கம்பமும் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்திலிருந்து வடக்கே எத்தனை அடி. நடந்துகொண்டே மனசுக்குள் அளந்து முடித்துவிட்டார். வானம் இடிந்து விழுந்தாலும் இனி அந்த இடம் தவறாது.

போகும்போது ஆணியில் இருந்த கேமராவைக் கழற்றிக்கொண்டார். துடைத்து வைக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

*

விடியும்போது வெளியில் யாரும் இல்லை.

கிணற்றடியிலிருந்து நேராக நடந்தார். கூட்டுக்குப் பத்துப் பாகம், அறுபது அடி, இருக்கும்போதே நின்று, நெஞ்சு தரையில் படப் படுத்துக்கொண்டார். உப்பு சட்டை வழியாகக் குளிர்ந்தது.

குருவி கூட்டில் இல்லை. பயந்து எழுந்து போயிருந்தது. அவர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். வெளிச்சம் வந்தது. தரை முதலில் நீலமாகவும் பிறகு பால் நிறமாகவும் மாறியது. எங்கே தான் முடிகிறோம், எங்கே தரை தொடங்குகிறது என்று அவருக்கே புலப்படவில்லை.

அப்போது அது வந்தது. வருகிற வழியில் தேங்கிய தண்ணீரில் இறங்கியது. நெஞ்சைத் தண்ணீரில் அமிழ்த்தி இறகை நனைத்துக்கொண்டது. பிறகு குடுகுடுவென்று ஓடிவந்து முட்டைகளுக்கு மேல் நின்றது. வயிற்று இறகிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, நடு முட்டையின் மேல் விழுந்தது.

பொழுதேறினால் முட்டைக்குச் சூடு ஆகாது என்று தண்ணீர் சுமந்து வந்திருந்தது.

விரல் தானாகவே அழுத்தியது.

ஒரே படம். அது போதும். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. பூனை மாதிரி பின்வாங்கி, எழுந்து, வந்த அதே கோட்டில் ஒரு அடி விலகாமல் திரும்பி நடந்தார். அளக்கப் போனவன் போன கோட்டிலேயே திரும்புவான். அது கையோடு வந்த பழக்கம்.

சந்தனமாரி கிணற்றடிக்கு வந்தபோது அவர் குடத்தோடு தயாராக நின்றார்.

“சட்டையில உப்பு” என்றாள்.

“வேர்வை” என்றார்.

அவள் கயிற்றை இறக்கினாள்.

*

மூன்று நடை முடிந்தது. அவள் அவரை அழைத்தாள். அளத்திலேயே உயரமான உப்புக் குவியலில் ஏறினாள். கிணற்றடியை விட்டால் அவள் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். பக்கத்தில் போய் நின்றார்.

அவள் ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை.

கீழே வெளி முழுவதும் விரித்த வேட்டி மாதிரி கிடந்தது. கிணற்றிலிருந்து அளம் வரைக்கும் அவளுடைய பாதை, பழைய தழும்பு மாதிரி மங்கலாக ஓடியது.

கிணற்றிலிருந்து இன்னொன்றும் ஓடியது. புதுசு. கறுப்பு. நூல் பிடித்த மாதிரி நேர். அது யாரும் போகாத நடுவெளிக்குள் போய், ஆள் படுத்த அச்சு ஒன்றில் சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தாளில் கோடு இழுத்துப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது.

கோட்டின்மேல் ஏதோ அசைந்தது.

அளத்து நாய். சோற்றுப் பருக்கைக்காகத் தினமும் கொட்டகையைச் சுற்றுகிற அதே செவலை. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, அவருடைய காலடி ஒவ்வொன்றாக மோந்து மோந்து, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாளுக்கு முன்னால் அந்த இரண்டு கூட்டிலும் என்ன நடந்தது என்று இனி யாரும் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் ஓடக் கிளம்பினார்.

“ஓடாதிய.”

மெதுவாகத்தான் சொன்னாள். கால் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது.

அவள் இடுப்பில் இருந்த தூக்குவாளியின் மூடியைக் கழற்றி வாளியில் தட்டினாள். டங், டங் என்று சத்தம் காற்றில் போயிற்று. நாய் தலையைத் தூக்கியது. கோட்டைப் பார்த்தது, அளத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அதற்கும் மனசில்லை. பிறகு சோற்று நினைப்பு வந்து திரும்பி ஓடிவந்தது. அவள் தன் சோற்றில் பாதியை உருட்டிப் போட்டாள்.

“இப்ப வந்துட்டு” என்றாள். “பொழுது சாஞ்சா மறுபடியும் பசிக்கும்.”

தடத்தை அழித்துவிடலாமா என்று அவர் கேட்டார். அழிக்கப் போனால் அதுவும் ஒரு தடம் என்று அவருக்கே தோன்றியது. கூட்டுப் பக்கத்தில் காவல் இருக்கட்டுமா என்று கேட்டார். அதுவும் அதுதான். தப்பு செய்துவிட்டேன், என்ன தண்டனை வேண்டுமானாலும் சொல் என்றார்.

அவள் மீதிப் பாதிச் சோற்றை அவரிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்க. சாயங்காலம் நடக்கணும்.”

*

வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். அவள் பேச்சியக்காவின் காதில் என்னவோ சொன்னாள். பேச்சியக்கா அடுத்தவளிடம் சொன்னாள். சொல் கைமாறிக் கைமாறிப் பதினாலு பேருக்கும் போயிற்று.

முணுமுணுப்பு எழும்பாமல் இல்லை. காலையிலிருந்து நின்ற கால், இதில் அரை மைல் சுற்றா என்று ஒருத்தி கேட்டாள். சர்வேயர் ஐயா நமக்காகப் புதுசா ரோடு போட்டிருக்காவ, நாமதான் முதல்ல நடக்கணும் என்று இன்னொருத்தி சொன்னாள். தார் எப்போ போடுவிய ஐயா என்று மூன்றாமவள் கேட்டாள். தாணுமூர்த்தி தலை குனிந்து நின்றார்.

ஆனால் எல்லாரும் வந்தார்கள்.

கிணற்றடியிலிருந்து வரிசை கிளம்பியது. முதலில் சந்தனமாரி, இடுப்பில் குடத்துக்குப் பதில் பையன். கடைசியில் தாணுமூர்த்தி, தோளில் கேமராப் பை. அவர் காலையில் போட்ட கறுப்புக் கோட்டின்மேல் பதினாறு பேர் நடந்தார்கள். ராத்திரிக்கு ரசம் போதுமா, கூட்டு வைக்கணுமா என்கிற பேச்சு. யாரோ தலையில் சும்மாட்டைச் சரிசெய்தாள். யாரோ ஒருத்தி பாட்டு முனகினாள்.

ஆள் படுத்த அச்சு வந்தது. அதன்மேல் மிதித்து நடந்தார்கள்.

பத்துப் பாகத்துக்கு அந்தப் பக்கம் மண் துண்டு ஒன்று எழுந்தது. ஓடியது. ஒருவரும் திரும்பவில்லை. பேச்சு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. தாணுமூர்த்திக்குக் கழுத்து நரம்பெல்லாம் அந்தப் பக்கம் இழுத்தது. முன்னால் போகிறவளின் குதிகால் வெடிப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

கோடு முடிந்த இடத்தில் வரிசை முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தது. வெளியைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, தார் ரோட்டு டீக்கடை வாசலில் போய்த்தான் நின்றது.

“இன்னைக்குச் செவலைக்கு டீக்கடைச் சோறுதான்” என்றாள் பேச்சியக்கா.

*

அன்றிலிருந்து எல்லாரும் அந்த வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். சந்தனமாரியும் கடைசி நடைத் தண்ணீரை அந்த வழியாகச் சுற்றியே அளத்துக்குக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் வந்தது.

முட்டை இருக்கிறதா, இல்லையா? அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. நிற்க வேண்டும்.

நடந்தார்.

நாலாம் நாளும் நடந்தார். பத்தாம் நாளும் நடந்தார். கறுப்புக் கோடு வெளுத்து, வழவழப்பாகி, அதுவும் ஒரு பழைய பாதை மாதிரி ஆகிவிட்டது. சில நாள் குருவி எழுந்து ஓடியதுபோல இருந்தது. சில நாள் அதுவும் இல்லை. கனவில் அது தண்ணீர் சுமந்துகொண்டு அவர் முன்னால் நடந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதற்கிடையில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மரியாதையான பிள்ளை. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து இங்கே எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம் என்றாள். அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை நாள் முழுதும் பார்க்கலாம் என்றாள். ஆனால் அட்டையில் இடம் என்கிற கட்டம் காலியாக இருக்கிறதே என்றாள்.

ஊர்ப் பேர் மட்டும் போட்டால் ஆகாதா என்று இவர் கேட்டார்.

“நீங்க சர்வேயர் சார். நீங்களே இப்படிச் சொல்லலாமா? மத்த அட்டை எல்லாத்திலயும் அடிக்கணக்கு வரைக்கும் எழுதியிருக்கீங்க. இடம் இல்லேன்னா அது வெறும் படம். நாளைக்குப் படிக்க வர்ற பிள்ளைங்க எப்படி அங்க போய்ச் சேருவாங்க?”

பிறகு சொல்கிறேன் என்று அவர் போனை வைத்தார்.

பதினோரு வருஷம். நூற்றுக்கணக்கான அட்டை. ஒவ்வொன்றிலும் அடிக்கணக்கு. ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், ஒரு கூட்டில் முடிகிறது.

*

மறுநாள் காலியான அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த இடம் அவருக்கு அடி பிசகாமல் தெரியும். எழுதினால் இழுப்பறை நிறைந்துவிடும். எழுதாவிட்டால் படத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிணற்றடியில் அதைத்தான் அவளிடம் சொன்னார். எழுதட்டுமா, வேண்டாமா என்று கேட்டார்.

“எழுத்து விஷயமெல்லாம் எனக்கு என்ன தெரியும்?” என்றாள். குடத்துக்குத் தலையைக் கொடுத்தாள். “நடங்க. தண்ணி சூடாயிரும்.”

நடந்தார்கள்.

பையனுக்கு ஒரு பல் வந்துவிட்டதாம். கீழ்ப்பல். பால் குடிக்கும்போது கடித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானாம். அடிக்கலாம் என்று கை ஓங்கினால் அதற்கும் சிரிக்கிறானாம். தாணுமூர்த்தி ஊம் கொட்டினார். வெளி தரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. உப்புக் குவியல்கள் மிதந்தன. ரோஜாக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசி நடை என்பதால் பழைய கறுப்புக் கோட்டின்மேல் வந்துகொண்டிருந்தார்கள்.

வலது பக்கம், கண்ணின் ஓரத்தில், இலவம் பஞ்சு மாதிரி ஏதோ உருண்டது. பஞ்சுக்குக் கீழே குச்சிக் கால் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கொஞ்சம் பின்தங்கி, தடுக்கி விழுந்து, எழுந்து, மூன்றாவது. மண் நிறத்தில் பெரியது ஒன்று முன்னால் ஓடி ஓடிக் கூப்பிட்டது.

அவருக்கு மூச்சு நின்றது. கால் நிற்கவில்லை.

இருபது அடி போனபிறகு சந்தனமாரி, திரும்பாமலே, கேட்டாள்.

“பாத்தியளா அண்ணாச்சி?”

“எதை தாயி?”

குடம் குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் குடத்தின் விளிம்பு தாண்டி அவர் முன்னால் பாதையில் விழுந்தது.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். இடுப்புக் குடத்தை ஒரு கையால் அணைத்து, அந்த விரல்களாலேயே அட்டையைக் குடத்தோடு அழுத்திப் பிடித்து, மறுகையால் நிற்காமலே எழுதினார். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது.

இடம் என்கிற கட்டத்தில், போகிற வழியில் என்று எழுதியிருந்தார்.